காவேரிப்பட்டணத்தில் கை கொடுத்த அண்ணனுக்கு

போன செவ்வாய்க்கிழமை பெங்களூரா மாங்காய் ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி போகும்போது, காவேரிப்பட்டணம் டீக்கடை முன்னால் என் பழைய டீசல் வண்டி உதற ஆரம்பித்தது. பத்து நாளாகவே ஐடிலிங் (ஆக்சிலேட்டர் மிதிக்காதபோது இன்ஜின் ஓடுவது) சரியில்லை. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் போயிருக்கும் என்று பயந்துகொண்டிருந்தேன்.

டீ குடித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் எழுந்து வந்தார். இன்ஜினை ஓடவிட்டு, நாசிலுக்கு டீசல் கொண்டுபோகும் இன்ஜெக்டர் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்கினார். நான்கிலும் சத்தம் மாறியது. மாறாமல் இருந்தால்தான் அந்த சிலிண்டரில் கோளாறாம். "நாசில் நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார். அப்புறம் ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தார். டீசல் நுரைத்து, குமிழி குமிழியாக வந்தது. டீசல் லைனில் எங்கோ காற்று இழுக்கிறது!

டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கு டீசல் வரும் இணைப்பில் செப்பு வாஷர் இறுகித் தட்டையாகியிருந்தது. அதை டீக்கடை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டு எடுத்து மாட்டினார். காய்ச்சினால் செம்பு மிருதுவாகி மறுபடி படியும் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். காற்றை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்ததும் கியர் ராடு நடுக்கம்கூட அடங்கிவிட்டது.

பணம் வாங்கவில்லை. "புது வாஷர் வாங்கி மாட்டிடு" என்று சொல்லிவிட்டு தருமபுரி பஸ் ஏறிவிட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

அண்ணா, மறுநாளே மாட்டிவிட்டேன். மனமார்ந்த நன்றி. உங்களுக்கென்று ஒரு கூடை மல்கோவா எடுத்து வைத்திருக்கிறேன்.