காய்ச்சித் தட்டக் கூடாத தகடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார்களின் எடையைக் குறைப்பதற்குப் பயன்படும் புதிய உலோகங்களைப் பற்றித் தங்கள் இதழில் சென்ற வாரம் வெளியான கட்டுரையை, கோவையில் 31 ஆண்டுகளாக டிங்கரிங் பட்டறை நடத்திவருபவன் என்ற முறையில் இரண்டு முறை படித்தேன். தொழிற்சாலைக்குள் நடப்பதைக் கட்டுரை நன்றாகவே விளக்கியிருந்தது. ஆனால் அதே கார் விபத்தில் சிக்கி எங்களைப் போன்றவர்களிடம் வந்து சேர்ந்த பிறகு என்ன ஆகிறது என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லாததால் இதை எழுதுகிறேன்.

பட்டறைக்கு வருகிறவர்களில் பலர் பானட்டை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "அந்தக் காலத்து அம்பாசடர் போல வருமா, இது வெறும் தகர டப்பா" என்கிறார்கள். அவர்கள் தட்டிப் பார்ப்பது மேல்தகட்டை. அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனமுள்ளது என்பது உண்மைதான். மோதலில் ஆளைக் காப்பதோ உள்ளே மறைந்திருக்கும் கூடு. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே நிற்கும் தூணான பி-பில்லரை இப்போது பல கார்களில் போரான் கலந்த எஃகால் செய்கிறார்கள். அந்தத் தகட்டை உலையில் 900 டிகிரி செல்சியசுக்கு மேல் பழுக்கக் காய்ச்சி, உட்புறம் தண்ணீர் ஓடும் அச்சுக்குள் வைத்து அழுத்தி, அழுத்திய நிலையிலேயே சில நொடிகளில் குளிர வைக்கிறார்கள். நம் ஊர்க் கொல்லர் அரிவாளுக்குத் தோய்ச்சல் போடுவதும் இதே தத்துவந்தான். சாதாரண எஃகுத் தகடு ஏறத்தாழ 300 மெகாபாஸ்கல் (இழுவலிமையை அளக்கும் அலகு) இழுவிசையைத் தாங்கும் என்றால், இப்படித் தோய்த்தெடுத்த தகடு 1,500 மெகாபாஸ்கல் வரை தாங்குகிறது. 1984-ல் சுவீடனின் சாப் 9000 காரில் கதவுக்குள் வைக்கும் தாங்குசட்டமாகத் தொடங்கிய இந்த முறை, இன்று நடுத்தரக் குடும்பத்துக் காருக்கும் வந்துவிட்டது. தகடு மெலிந்தும் கூடு உறுதியாக நிற்பதற்குக் காரணம் இதுவே. ஆகவே எடைக் குறைப்பை நான் குறை சொல்லவில்லை. எடை 10 விழுக்காடு குறைந்தால் எரிபொருள் சிக்கனம் 6 முதல் 8 விழுக்காடு வரை கூடும் என்கிறார்கள். பேட்டரியின் பாரத்தைச் சுமக்கும் மின்சாரக் கார்களுக்கு இது இன்னும் அவசியம்.

என் கவலை வேறு. தோய்ச்சல் போட்ட அரிவாளை மறுபடி அடுப்பில் வைத்தால் வெட்டு போய்விடும் என்பது கிராமத்தில் யாருக்கும் தெரியும். பில்லரும் அப்படித்தான். நாங்களோ நெளிந்த இரும்பைக் கண்டால் கேஸ் பற்றவைத்துக் காய்ச்சி, இழுத்துத் தட்டி நிமிர்த்தியே தொழில் கற்றவர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன், பின்கதவு சரியாகப் பொருந்தவில்லை என்று ஒரு கார் என் பட்டறைக்கு வந்தது. வேறொரு இடத்தில் விபத்துப் பழுது பார்த்த வண்டி. பட்டியும் பெயின்டும் கண்ணாடி போல இருந்தன. கதவு ரப்பரை உரித்து உள்பக்கத்து பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, பில்லரின் உட்புறத்தில் ஒரு சாண் நீளத்துக்கு நீலமும் பழுப்புமாகத் தீப்பட்ட தடம் தெரிந்தது. யாரோ காய்ச்சித் தட்டியிருக்கிறார்கள். மனைவி மக்களோடு பழனிக்கும் திருச்சிக்கும் அந்தக் காரில் போய்வந்துகொண்டிருந்தவரிடம், பக்கவாட்டில் இன்னொரு வண்டி மோதினால் இந்தப் பில்லரை நம்ப முடியாது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. செய்தவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. என்னிடம் வேலை பழகிப் பின்னர் ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போன தம்பி எடுத்துச் சொல்லியிராவிட்டால், நானும் அதையேதான் செய்திருப்பேன். அந்தப் பில்லரை மாற்றுவதற்காக தகடுகளை இணைக்கும் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளைத் துளைத்தபோது, வழக்கமான டிரில் பிட் தகட்டைக் கடிக்காமல் மேலே வழுக்கி மினுங்கியது. அந்த எஃகு எப்படிப்பட்டது என்பது அப்போதுதான் என் கைக்கே புரிந்தது.

அலுமினியத்தில் சிக்கல் வேறு விதம். எஃகைக் காய்ச்சும்போது அதன் நிறத்தைப் பார்த்துச் சூட்டைக் கணிப்போம். அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும், அதற்கு முன் சிவந்து எச்சரிப்பதில்லை. எஃகைத் தேய்த்த அதே டிஸ்கால் அதைத் தேய்த்தால் இரும்புத் துகள் பதிந்து, ஈரம் பட்டதும் அந்த இடத்தில் அரிப்பு தொடங்கும். அமெரிக்காவில் 2015-ஆம் ஆண்டு மாடலாக ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வண்டி அலுமினிய உடலுக்கு மாறி ஏறத்தாழ 300 கிலோ வரை எடை குறைந்தபோது, பழுது பார்க்கும் கடைகள் தனிக் கருவிகளும் தனி இடமும் பயிற்சியும் தேட வேண்டியிருந்தது. இங்கே பானட் அலுமினியமா என்பதைக் காந்தத்தை ஒட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம்.

எந்தப் பாகம் எந்த உலோகம், எங்கே வெட்டலாம், எதைக் காய்ச்சவே கூடாது, எதை முழுதாக மாற்ற வேண்டும் என்ற விவரங்கள் எல்லாம் தயாரிப்பாளர்களின் பழுதுபார்ப்புக் கையேடுகளில் படத்தோடு இருக்கின்றன. ஆனால் வாரண்டி முடிந்த வண்டிகளில் பெரும்பங்கு தெருமுனைப் பட்டறைகளுக்கே வருகின்றன. அந்தப் பக்கங்களையாவது தமிழில், எவரும் எடுத்துப் பார்க்கும்படி நிறுவனங்கள் வெளியிட வேண்டும். ஐ.டி.ஐ.களில் வாகன உடற்பகுதி வேலை பயிலும் மாணவர்களுக்கு இந்த எஃகில் ஒரு துண்டையாவது கையில் கொடுத்து, அறுத்தும் காய்ச்சியும் பார்க்கச் சொல்ல வேண்டும். காப்பீட்டு நிறுவனங்களும் சேதத்தை மதிப்பிடும் தங்கள் சர்வேயர்களுக்கு இதைத் தெளிவுபடுத்த வேண்டும். "மாற்ற வேண்டாம், நிமிர்த்திவிடுங்கள்" என்று மதிப்பீட்டுத் தாளில் எழுதிக் கொடுக்கப்பட்ட பில்லரை நிமிர்த்த மறுத்து, அந்த வேலையையே நான் இழந்திருக்கிறேன்.

தங்கள் இதழ் இதைப் பற்றித் தனிக் கட்டுரை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் கழற்றிய அந்தப் பில்லரின் தீப்பட்ட துண்டைப் பட்டறையில் பத்திரமாக வைத்திருக்கிறேன். தங்கள் நிருபர் வந்தால் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
டிங்கரிங் பட்டறை உரிமையாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.