வெறும் தண்ணீர் குடித்த எஞ்சின்

அன்புள்ள பங்காளிக்கு,

இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், ஆனால் உன்னை விசாரிக்க மட்டும் மறப்பதில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ பழைய டீசல் லாரி ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகவும், அட்வான்ஸ் கொடுக்கப் போவதாகவும் மொட்டை சொன்னான். கொடுத்துவிடாதே. இதைப் படித்து முடிக்கும்வரையாவது பணத்தைப் பையிலேயே வைத்திரு. செருப்பு வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிறவன் நீ, வண்டி என்றால் மட்டும் புது பெயிண்ட்டைப் பார்த்து மயங்கிவிடுகிறாய்.

என் வண்டி எஞ்சின் போய்விட்டது. மொட்டை அதையும் சொல்லியிருப்பான், வெடித்துப் பறந்தது என்றே சொல்லியிருப்பான். அப்படியெல்லாம் இல்லை. லோடோடு மேடு ஏறிக்கொண்டிருந்தபோது ஆயில் பிரஷர் முள் வழக்கமாக நிற்கும் இடத்தைவிட்டுக் கீழே இறங்கியது. கூடவே அடியிலிருந்து டொக் டொக் என்று ஒரு சத்தம். ஆக்சிலேட்டரை மிதித்தால் கூடுகிறது, விட்டால் குறைகிறது. ஓரம் கட்டி உடனே அணைத்தேன். ஆயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவினால் ஆயில் கறுப்பாக இல்லை, பால் ஊற்றிய மாதிரி சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று வழிகிறது. மட்டமும் ஏறியிருக்கிறது.

பெரியவன் அன்றைக்கு என்னோடு வந்திருந்தான். கேபினில் தூங்கிக்கொண்டிருந்தான். அந்த மேட்டில் எஞ்சின் தானாக ஜாம் ஆகி நின்றிருந்தால் ஸ்டியரிங் கனத்துப் போயிருக்கும். பிரேக்குக்குக் காற்று அடிக்கிற கம்ப்ரஸரும் எஞ்சினோடு நின்றிருக்கும், டேங்கில் சேர்ந்திருக்கிற காற்றுதான் மிச்சம். பின்னால் முழு லோடு. இதை வீட்டில் நான் சொல்லவில்லை. நீயும் வாயைத் திறக்காதே.

கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். மேஸ்திரியைத்தான் உனக்குத் தெரியுமே, ஸ்பேனரைத் தொடும் முன்பே தீர்ப்பு எழுதிவிடுவார். "ஹெட் கேஸ்கெட் போயிருக்கு, மாத்திடலாம்" என்றார். பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகட்டைத்தான் சொல்கிறார். அவர் தம்பி இன்னும் ஒரு படி மேலே போய், உடைத்த வண்டியிலிருந்து எடுத்த எஞ்சின் ஒன்று இருக்கிறது, தூக்கி வைத்தால் வேலை முடிந்தது என்றான். எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. ஆயிலில் தண்ணீர் கலப்பதற்கு ஹெட் கேஸ்கெட் மட்டும்தானா வழி? ஹெட்டில் விரிசல் விட்டிருக்கலாம், தண்ணீரை வைத்து ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலர் உள்ளுக்குள் உடைந்திருக்கலாம், பிஸ்டன் ஓடும் இரும்புக் குழாயான லைனரின் அடி ரப்பர் வளையம் போயிருக்கலாம். எது என்று தெரியாமல் ஹெட்டைக் கழற்றினால் தடயமும் சேர்ந்து போய்விடும்.

அதனால் ஹெட்டில் கை வைக்காமல் முதலில் அடியில் ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றச் சொன்னேன். ரேடியேட்டரை நிரப்பி, மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்ப் மாட்டி, மூடி தாங்கும் அளவுக்கு மட்டும் பிரஷர் ஏற்றிவிட்டு, நான் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டேன். மேஸ்திரி, பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் தண்டான கிராங்க்கை மெதுவாகத் திருப்பி ஒவ்வொரு பிஸ்டனாக மேலே ஏற்றினார். நாலாவது சிலிண்டரில், லைனரின் உள்சுவரில் பாதி உயரத்தில், வியர்வை மாதிரி ஒரு துளி முளைத்தது. கொஞ்சம் பெருத்து வழிந்து என் கன்னத்தில் விழுந்தது. கேஸ்கெட்டுக்கும் அந்த இடத்துக்கும் சம்பந்தமே இல்லை, பங்காளி! புது கேஸ்கெட் போட்டு ஓட்டியிருந்தால் மறுபடியும் இதே இடத்தில்தான் வந்து படுத்திருப்பேன்.

லைனரை உருவி வெளிப்பக்கத்தைத் துடைத்துப் பார்த்தோம். ஒரே பக்கத்தில், மேலிருந்து கீழாக வரிசை பிடித்த மாதிரி சின்னச் சின்னக் குழிகள். அதில் ஒன்று உள்ளே வரைக்கும் ஓட்டை. ஒவ்வொரு முறை டீசல் எரியும்போதும் பிஸ்டன் லைனரின் ஒரு பக்கச் சுவரில் மோதுகிறது, லைனர் அதிர்கிறது. அந்த அதிர்வில் வெளியே சுற்றி இருக்கும் தண்ணீரில் நுண்ணிய குமிழிகள் உண்டாகி நொறுங்குகின்றன, நொறுங்கும் வேகத்தில் இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி எடுத்துவிடும். ரேடியேட்டரில் ஊற்றும், கனரக டீசல் எஞ்சினுக்கான கூலண்ட்டில் இருக்கிற மருந்து லைனர் மேல் மெல்லிய படலம் போட்டு இதைத் தடுக்கும். வெறும் தண்ணீரில் அந்தப் படலம் ஏது? பிளாக்கின் தண்ணீர்ப் பாதை முழுக்கத் துருவும் உப்பும் பொருக்குத் தட்டிக் கிடந்தது. எனக்கு முன்னால் வைத்திருந்த புண்ணியவான் கூலண்ட் வாசனையே காட்டாமல் ஓட்டியிருக்கிறார். வாங்கியவுடனே கழுவிவிட்டு நல்ல கூலண்ட்தான் ஊற்றினேன். விழுந்த குழி மூடுமா என்ன? அவர் மிச்சம் பிடித்த காசு என் தலையில் விடிந்தது. இதை நினைத்தால் இப்போதும் கோபம் தலைக்கு ஏறுகிறது, அவரைச் சந்தையில் பார்த்தால் என்னைப் பிடித்துக்கொள்ள நீதான் வர வேண்டும்.

தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங்கிலும், பிஸ்டனை அதோடு இணைக்கும் கன்ராட்டின் பேரிங்கிலும் மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிகிறது, ஆயில் ஃபில்டரை அறுத்து விரித்தால் மடிப்புக்கு மடிப்பு மினுமினுப்பு. கிராங்க் லேத்துக்குப் போனது. அதில் விழுந்த கோடு 0.25 மில்லிமீட்டர் கடைந்தும் போகவில்லை, 0.50 வரைக்கும் கடைந்து, அதற்குத் தக்க தடித்த பேரிங் போட வேண்டியதாயிற்று. ஆறு லைனர், பிஸ்டன், பிஸ்டனைச் சுற்றி லைனரோடு உரசும் ரிங் எல்லாம் புதிது. மேஸ்திரியோடு பெரிய சண்டை ஆயில் கூலருக்காக. "கழுவி மாட்டிக்கலாம்" என்கிறார். பழைய பேரிங் பொடி அதன் இடுக்குக்குள் ஒளிந்திருந்து, ஓட ஆரம்பித்ததும் புது பேரிங்குக்குள்ளேயே வந்து இறங்கும். புதிதுதான் போட்டேன். எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்குப் போகும் ஆயில் பைப்பையும் மாற்றினேன். அதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், இன்னும் இறக்கவில்லை.

அந்த உடைசல் எஞ்சின்? போய்ப் பார்த்தேன், இல்லை என்று சொல்லவில்லை. தண்ணீர்க் குழாயைக் கழற்றி விரலை விட்டேன், துரு ஒட்டிக்கொண்டு வந்தது. அதுவும் வெறும் தண்ணீர் குடித்தே வளர்ந்தது.

இப்போது உன் வண்டிக்கு வருகிறேன். முந்தின நாளே சொல்லிவிடு, நீ வருவதற்குள் யாரும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. போனதும் பிளாக்கில் கை வை, சூடாக இருந்தால் வாங்கும் எண்ணத்தை விட்டு, டீ குடித்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிடு. குளிர்ந்திருந்தால் ரேடியேட்டர் மூடியைத் திற. உள்ளே துருத் தண்ணீரா, நிறமுள்ள கூலண்ட்டா, மேலே எண்ணெய் மிதக்கிறதா பார். அப்புறம் சம்ப்பின் அடி போல்ட்டைக் கொஞ்சமாகத் தளர்த்தச் சொல். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் தண்ணீர் கனத்து அடியில் தங்கியிருக்கும், முதலில் தண்ணீர் சொட்டினால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார், புகை குப் குப்பென்று தள்ளினால் ரிங் போயிருக்கிறது. டீசல் எஞ்சினில் ஆயில் கறுப்பாக இருப்பது குற்றமே இல்லை. பளிச்சென்று தேன் நிறத்தில் இருந்தால்தான் ஏன் நேற்று மாற்றினார்கள் என்று கேட்க வேண்டும். எஞ்சினைப் பளபளவென்று கழுவி வைத்திருந்தாலும் அதே கேள்விதான்.

என் எஞ்சின் பூட்டியாகிவிட்டது. டீசலை நிறுத்திவிட்டு, ஆயில் பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட்டரில் விட்டு விட்டுச் சுற்றி, அதற்கப்புறம்தான் உயிர் கொடுத்தோம். ராத்திரி முழுக்க சும்மா ஓட விட வேண்டும் என்று மேஸ்திரி ஒற்றைக் காலில் நிற்கிறார். கூடாது, சும்மா ஓடினால் ரிங் பதியாது, லைனர் கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிடும், மிதமான லோடு ஏற்றி ஓட்ட வேண்டும் என்று நான் நிற்கிறேன். நாளைக்கு நான் ஜெயிப்பேன்.

உன் வண்டியைப் பார்க்க எப்போது போகிறாய் என்று எழுது, நானும் வருகிறேன். மொட்டையைக் கூப்பிடாதே, அவன் ஹாரனை அடித்துப் பார்த்துவிட்டு வண்டி பிரமாதம் என்பான். அப்புறம், போல்ட்டை அளவோடு முறுக்கும் உன் டார்க் ரெஞ்ச் இங்கேதான் இருக்கிறது. ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஹெட் போல்ட்டைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது, அதுவரை கேட்காதே.

அன்புடன்,
உன் பங்காளி