நாக்கு நீண்டால் சிரிப்பா?

ஆசிரியருக்கு வணக்கம்.

காவல்துறை மோப்ப நாய்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். படத்துக்குக் கீழே 'பணியிலும் ஓர் உற்சாகச் சிரிப்பு' என்று போட்டிருந்தீர்கள். பல வருடம் இந்த நாய்களுக்கு வைத்தியம் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். நாக்கின் நுனி கரண்டி மாதிரி அகன்று தொங்குகிறது, கண் இடுங்கியிருக்கிறது, உதட்டோரம் காதுப் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது. பாவம், அதற்குச் சூடு தாங்கவில்லை.

துப்பாக்கிக் குண்டு, கத்திக்குத்து பற்றியெல்லாம் கட்டுரை விரிவாகப் பேசியது. சரி, அந்த ஆபத்தும் உண்டுதான். வெயிலைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. இரைத்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். சும்மா இருக்கும்போதே அதன் உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல். ஓடியாடி வேலை செய்தால் 40-ஐச் சுலபமாகத் தாண்டும். 41-க்கு மேல் போய் நடையும் தள்ளாடினால் உயிருக்கே ஆபத்து. வாயைத் திறந்து இரைக்கிற நாயால் ஒழுங்காக மோப்பம் பிடிக்கவும் முடியாது என்பதால், அந்த நேரத்தில் அதை விரட்டி வேலை வாங்கியும் பயனில்லை.

ஒரு மதியம் பெல்ஜியன் மாலினுவா இன நாய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஈறு செங்கல் நிறத்தில் இருந்தது, பின்னங்கால் நிற்கவில்லை. அந்த நிலையிலும் பரிசாகக் கொடுத்த பந்தைக் கவ்விய வாயை அது திறக்கவில்லை. வாயில் பந்து அடைத்துக்கொண்டிருந்தால் எப்படி இரைப்பது, எப்படிச் சூடு இறங்குவது? பிடுங்குவதற்கு இரண்டு பேர் தேவைப்பட்டோம். உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் மின்விசிறியைச் சுழலவிட்டோம். பிழைத்துக்கொண்டது. "கடைசிவரை வேலையை நிறுத்தவே இல்லை டாக்டர்" என்றார் அதை வளர்த்த காவலர், பெருமையும் அழுகையுமாக. நிறுத்தத் தெரியாத நாயாகப் பார்த்துத்தானே இந்த வேலைக்கே எடுக்கிறார்கள்!

அப்புறம் வண்டி. ஏசி ஓடுகிறது என்று நம்பி நாயை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள். நடுவில் இன்ஜின் நின்றுவிட்டால் சில நிமிடங்களில் உள்ளே அடுப்புதான். சூடு ஏறினால் ஹாரன் அடித்துக் கண்ணாடியைத் தானே இறக்கும் கருவி எப்போதோ வந்துவிட்டது. போதைப்பொருள் தேடும் நாய் ஃபென்டனில் என்ற கடும் போதைமருந்தின் தூளை மூக்கில் இழுத்துவிடலாம். அந்த விஷத்தை முறிக்க மனிதருக்குப் போடும் நலோக்சோன் மருந்தே நாயையும் காப்பாற்றும். ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற அகன்ற மார்புள்ள நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்வது இன்னொரு கண்டம். கடிப் பயிற்சியில் உடையும் கோரைப்பல்லைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம்.

நான் கேட்பது ஒன்றுதான். "நாய் களைத்துவிட்டது, போதும்" என்று அதைக் கையாளும் காவலர் சொன்னால், மேலதிகாரி மறுபேச்சுப் பேசாமல் வேலையை நிறுத்த வேண்டும். இதை விதியாகவே எழுதிவைக்கலாம்.

படம் எடுப்பதற்காக அந்தத் தார்ச்சாலையில் நாயை எவ்வளவு நேரம் நிறுத்திவைத்தீர்கள் என்பதையும் தெரிவித்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர்