கப்பல் கார்டை நீட்டுமுன்

அன்புள்ள மகளுக்கு,

கேபின் எண் வந்துவிட்டது, பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம் கண்ணு. கடலைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல உனக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கணக்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். உல்லாசக் கப்பலில் யாரும் உன்னிடம் ரொக்கம் கேட்கமாட்டார்கள், தொல்லையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஏறும்போது ஆளுக்கொரு பிளாஸ்டிக் கார்டு தருவார்கள். பிரின்சஸ் கப்பல்களில் நாணயம் அளவில் ‘மெடாலியன்’ என்று ஒன்று, வேறு சிலவற்றில் கைப்பட்டை. எதுவானாலும் வேலை ஒன்றுதான். கேபின் கதவைத் திறப்பதும் அது, துறைமுகத்தில் இறங்கி ஏற அடையாளமும் அது, பர்ஸும் அது. கடையில் நீட்டினால் தொகை உன் கப்பல் கணக்கில் ஏறும், பயண முடிவில் நீ பதிந்து வைத்த வங்கிக் கார்டிலிருந்து மொத்தமாகப் போகும். பெரும்பாலும் ரகசிய எண் எதுவும் கேட்காது. ஊழியர் தேய்க்கும்போது திரையில் உன் புகைப்படம் வரும், அவர் அதைப் பார்க்க வேண்டும். நீச்சல்குளத்துக்கு அருகே வரிசை நீண்டு நிற்கும்போது பார்ப்பார் என்று நம்பி இருக்காதே.

முதல் முடிவை வீட்டிலேயே எடு: எந்தக் கார்டைப் பதிவது? டெபிட் கார்டு வேண்டாம். காரணம் இதுதான். கப்பல்காரர்கள் ஏறின நாளிலேயே ஒரு தொகையை வங்கியில் ‘ஹோல்டு’ போட்டுவிடுவார்கள். செலவு ஏற ஏற மேலும் மேலும் ஹோல்டு விழும். பணம் போகவில்லை, ஆனால் உன்னால் தொடவும் முடியாது. கடைசி நாளில் உண்மையான பில் தனியாக வசூலாகும். பழைய ஹோல்டு எப்போது விலகும் என்பது வங்கியின் கையில். ஒரு வாரத்தில் 640 டாலர் செலவு, ஹோல்டுகள் கூடி 700 என்று வைத்துக்கொள். பில் போன மறுநாள் 640 போயிருக்கும், 700 இன்னும் முடங்கியிருக்கும். ஆக, உன் சேமிப்புக் கணக்கில் 1,340 டாலர் உன் கைக்கு எட்டாது. வீட்டுக் கடன் தவணை அதே வாரத்தில் வந்தால் பணம் போதாமல் திரும்பிப் போகலாம். கிரெடிட் கார்டில் இதே கூத்து நடந்தாலும் முடங்குவது லிமிட், சேமிப்பு இல்லை. தவறான வசூலை எதிர்த்துப் புகார் கொடுப்பதும் கிரெடிட் கார்டில் சுலபம். கார்டே வேண்டாமென்றால் பல கப்பல்களில் ரொக்கத்தை முன்பணமாகக் கட்டலாம். மீதியைக் கடைசியில் கப்பலின் வரவேற்புக் கவுன்டரில் கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

வங்கிக் கார்டைக் கப்பல் கம்பெனியின் ஆப்பில் பதியும் வேலையைக் கரையில் இருக்கும்போதே முடித்துவிடு. ஓடிபி வரும் சிம் நடுக்கடலில் ஏரோபிளேன் மோடில் கிடக்கும். அதைத் திறந்தாயானால் கப்பலின் சொந்தச் செல்போன் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். அது கடல்சார் ரோமிங், சாதாரண ரோமிங் பேக்கில் பெரும்பாலும் அடங்காது. அந்தச் செலவு கப்பல் கணக்கிலும் தெரியாது, அடுத்த மாத போன் பில்லில் வந்து நிற்கும். எனவே கடலில் இருக்கும் வரை ஏரோபிளேன் மோடு, வைஃபை மட்டும் ஆன். வங்கியின் எச்சரிக்கைகள் எஸ்எம்எஸ்ஸோடு மின்னஞ்சலிலும் வரும்படி மாற்றி வை. வங்கிக்கு உன் பயணத் தேதிகளைச் சொல்லிவிடு. இல்லாவிட்டால் முன்பின் தெரியாத நாட்டிலிருந்து வசூல் வருகிறதே என்று கார்டை அவர்களே நிறுத்திவிடுவார்கள், கப்பலில் உன் கணக்கும் நின்றுபோகும். வேறு வங்கியின் இரண்டாவது கார்டு ஒன்று கையில் இருக்கட்டும்.

நாணய மாற்று விஷயத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சில கம்பெனிகள் பில்லை உன் நாட்டுப் பணத்துக்குத் தாங்களே மாற்றி வசூலிக்கும். சம்மதத்தை செக்-இன் படிவத்தின் பொடி எழுத்திலேயே வாங்கியிருப்பார்கள். மாற்று விகிதத்தில் அவர்களுடைய லாபமும் சேர்ந்திருக்கும், அதனால் வங்கியின் விகிதத்தைவிட அது பெரும்பாலும் மோசம். ஏறின அன்றே கவுன்டரில் போய், ‘கப்பலின் நாணயத்திலேயே வசூலியுங்கள்’ என்று சொல்லிப் பதியச் சொல். கடைசி நாளில் சொல்லிப் பயனில்லை.

மாப்பிள்ளையின் கார்டும் சின்னவனின் கார்டும் உன் வங்கிக் கார்டோடு இணைந்திருக்கும். ஒரே கேபின் என்றால் வழக்கம் அதுதான். சின்னவன் கார்டில் வாங்கும் வசதியை நிறுத்தச் சொல்லலாம், அல்லது நாளுக்கு இவ்வளவு என்று வரம்பு போடச் சொல்லலாம். நிறுத்தினாலும் கதவு திறக்கும், கப்பலில் ஏற இறங்கலாம். இதை முதல் நாளே செய். வீடியோ கேம் அறையில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கார்டைத் தேய்த்தால் போதும், பையன்கள் கணக்குப் பார்த்து விளையாட மாட்டார்கள். வரம்பு போட்டால் கேம் அறைக்கும் அது செல்லுமா என்று கேட்டுக்கொள், சில கப்பல்களில் அதற்குத் தனி வரம்பு.

இனி பில்லில் தானாக ஏறும் தொகைகள். தினசரி டிப்ஸ் தலைக்கு இத்தனை என்று பெரும்பாலான பெரிய கப்பல்களில் தானாக ஏறும், குழந்தைக்கும் சேர்த்தே. நாளுக்கு 16 டாலர் என்று வைத்தால் மூன்று பேருக்கு ஏழு இரவுக்கு 336 டாலர். முன்பே கட்டியிருந்தால் ரசீதைக் கையில் வைத்துக்கொள். இரண்டாம் நாள் கணக்கைத் திறந்து, டிப்ஸ் மறுபடியும் ஏறுகிறதா என்று பார். இது வேறு, பானத்துக்கும் அழகு நிலையத்துக்கும் சேர்க்கும் சர்வீஸ் சார்ஜ் வேறு. அது பெரும்பாலும் 18 முதல் 20 சதவீதம் வரை இருக்கும்.

பானம் வாங்கும்போது தரும் ரசீதை ஒருமுறை நிதானமாகப் படித்துவிடு. மேலே பானத்தின் விலை 14.00 என்றிருக்கும். அடுத்த வரியில் சர்வீஸ் சார்ஜ் 18 சதவீதம், 2.52. அதற்குக் கீழே மொத்தம் 16.52. அதற்கும் கீழே ஒரு கோடு காலியாக இருக்கும், ‘கூடுதல் டிப்ஸ்’ என்று. அதற்கடியில் இன்னொரு காலிக் கோடு, ‘மொத்தம்’. பழக்க தோஷத்தில் அங்கே மறுபடி 3 டாலர் எழுதுகிறவர்கள் உண்டு. விருப்பப்பட்டுக் கொடுப்பது உன் இஷ்டம், தெரியாமல் கொடுப்பது வேறு. கொடுக்காவிட்டால் அந்தக் கோட்டின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, மொத்தத்தில் 16.52 என்று நீயே எழுதிக் கையெழுத்துப் போடு. கோட்டைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போடாதே. பிரதியைக் கேட்டு வாங்கி ஒரு கவரில் போட்டு வை. பல இடங்களில் இப்போது கையெழுத்தே இல்லை, தட்டினால் முடிந்தது. அங்கே உன் போன்தான் சாட்சி. வாங்கின உடனே ஆப்பில் வந்திருக்கிறதா என்று ஒரு பார்வை.

கப்பல் துறைமுகத்தில் கட்டி நிற்கும்போது அதே பானத்துக்கு விலை கொஞ்சம் கூடியிருந்தால் பதறாதே, சில துறைமுகங்களில் அந்த ஊர் வரி சேரும். பானங்களுக்கு முன்பே மொத்தமாகக் கட்டும் பேக்கேஜ் எடுத்திருந்தால் பார்க்க வேண்டியது வேறு. ஒரு குவளைக்கு இவ்வளவு விலை வரை என்று உச்சவரம்பு இருக்கும், அதைத் தாண்டினால் வித்தியாசம் கணக்கில் ஏறும். ஊழியர் பேக்கேஜில் போடாமல் சாதாரண விற்பனையாகப் போட்டுவிடுவதும் உண்டு. கேபினில் இருக்கும் சின்னக் குளிர்பெட்டியில் உள்ளவை பெரும்பாலும் பேக்கேஜில் சேராது. மேசையில் கழுத்தில் அட்டை தொங்க நிற்கும் தண்ணீர் பாட்டிலும் பெரும்பாலும் இலவசமில்லை. வேண்டாமென்றால் எல்லாவற்றையும் எடுத்துப் போகச் சொல்லிவிடு, கேபின் ஊழியர் சிரித்துக்கொண்டே எடுத்துப் போவார். காசினோவில் கப்பல் கார்டைத் தேய்த்துப் பணம் எடுத்தால் பல கம்பெனிகளில் தனிக் கட்டணம் உண்டு. மருத்துவரைப் பார்த்தால் அதுவும் இதே கணக்கில்தான் ஏறும். காப்பீட்டில் கேட்க ஒவ்வொரு இனமும் பிரித்து எழுதிய பில் வேண்டும், கப்பலை விட்டு இறங்குமுன் வாங்கிவிடு.

தினமும் படுக்கப் போகுமுன் கணக்கைத் திறந்து பார். ஆப்பில் பார்க்கலாம், சில கப்பல்களில் கேபின் டிவியிலும் தெரியும், கவுன்டரிலும் அச்சடித்துத் தருவார்கள். இரண்டு நிமிட வேலை. தவறு பெரும்பாலும் திருட்டில் வருவதில்லை, அவசரத்தில் வருகிறது. கேபின் எண்ணைக் கையால் தட்டுகிற இடத்தில் 8214-க்குப் பதில் 8241 விழும், யாரோ ஒருவருடைய புகைப்பட ஆல்பம் உன் தலையில் விழும். ஒரே பானம் இரண்டு தடவை பதிவாகும். நேற்று நடந்ததை இன்று சொன்னால் கவுன்டரில் நேரமும் இடமும் பார்த்து, பழைய ரசீதை எடுத்து, பத்து நிமிடத்தில் நீக்கிவிடுவார்கள். ஆறு நாள் கழித்துக் கேட்டால் அந்த ஊழியரையும் தேட வேண்டும், உன் ஞாபகத்தையும் தேட வேண்டும். வீடு திரும்பினபின் கேட்டால் மின்னஞ்சலும் காத்திருப்பும்தான்.

கார்டு தொலைந்தால் தேடிக்கொண்டு நிற்காதே. நேராகக் கவுன்டருக்குப் போ, அல்லது கேபின் போனில் கூப்பிடு. பழையதை ரத்து செய்து புதியது தருவார்கள், அப்புறம் பழையது கிடைத்தாலும் பயன்படாது. பாதுகாப்புக்காகப் பெரும்பாலும் கேபின் எண்ணைக் கார்டில் அச்சடிப்பதில்லை. மறந்துவிடுமே என்று நீ பேனாவால் எழுதி வைக்காதே. கழுத்தில் மாட்ட ஓட்டை வேண்டுமானால் கவுன்டரில் போட்டுத் தருவார்கள். நீயே குத்தினால் ஓரத்தில் ஓடும் மெல்லிய கம்பி அறுந்து கதவு திறக்காமல் போகலாம். கப்பலுக்குள் சுற்றும்போது வங்கிக் கார்டுகள் எல்லாம் கேபின் பெட்டகத்திலேயே இருக்கட்டும். அதற்குப் பிறந்த வருடத்தை எண்ணாக வைக்காதே கண்ணு, முதலில் அதைத்தான் தட்டிப் பார்ப்பார்கள்.

பயணத்துக்கு முன்னாலேயே ஆபத்து ஒன்று இருக்கிறது. முன்பதிவு எண்ணும், குடும்பப் பெயரும், பிறந்த தேதியும் இருந்தால் பல கம்பெனிகளில் உன் முன்பதிவுக்குள் நுழைந்துவிடலாம். நுழைந்தவர் மாற்றவும் செய்யலாம், ரத்தும் செய்யலாம். அதனால் போர்டிங் பாஸ், பெட்டியில் ஒட்டும் சீட்டு இவற்றைப் படம் எடுத்துப் பேஸ்புக்கில் போடாதே. எண்ணை மட்டும் மறைத்தேன் என்பாய், பார்கோடு அப்படியே பல் இளித்துக்கொண்டிருக்கும். ஆப்பின் பாஸ்வேர்ட் உன் மின்னஞ்சலின் பாஸ்வேர்டாக இருக்கக் கூடாது. கம்பெனியின் போன் எண்ணை இணையத் தேடலில் மேலே வரும் விளம்பரத்திலிருந்து எடுக்காதே. போலி எண்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். டிக்கெட்டில் அச்சான எண்ணே சரியானது.

கப்பலிலும் இதே எச்சரிக்கைதான். இரவில் கேபின் போன் அடித்து, ‘கவுன்டரிலிருந்து பேசுகிறோம், உங்கள் கார்டு ஏற்கவில்லை, எண்ணைச் சொல்லுங்கள்’ என்றால் எதுவும் சொல்லாமல் வைத்துவிடு. உண்மையிலேயே கார்டு ஏற்காவிட்டால் உன்னை நேரில் வரச் சொல்வார்கள். நடந்து போய் நேரில் கேள். வைஃபையில் இணையும்போது ஆப்பில் கொடுத்திருக்கும் பெயரோடு ஒப்பிட்டுப் பார். துறைமுகங்களில் கப்பல் பெயரைப் போலவே இலவச வைஃபை ஒன்று காட்டும், அதில் வங்கி வேலை வேண்டாம். கப்பலில் பொதுவாக வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் வங்கிக் கணக்கைத் திறக்கவே திறக்காதே.

கணக்கில் வரவும் வரும், அதையும் பார். கப்பல் ஏதாவது துறைமுகத்தில் நிற்காமல் போய்விட்டால், கம்பெனி மூலம் பதிந்த சுற்றுலாவின் பணமும் அந்தத் துறைமுகக் கட்டணமும் திரும்ப வர வேண்டும். பெரும்பாலும் கப்பல் கணக்கிலேயே வரவு வைப்பார்கள். ‘ஆன்போர்டு கிரெடிட்’ என்று பரிசாகக் கொடுத்த தொகை இருந்தால் அது திரும்பத் தரக்கூடியதா என்று கேள். இல்லையென்றால் இறங்கின மறுநொடி செல்லாக்காசு. மிச்சம் இருந்தால் டிப்ஸ் கணக்கில் கழியவிடு, பெரும்பாலும் கழிப்பார்கள்.

கடைசி இரவு முழு பில் வரும். அதற்காகக் காத்திருந்து விடியற்காலை கவுன்டரில் நின்றாயானால் பாதிக் கப்பலே உனக்கு முன்னால் நிற்கும். அதற்கு முந்தின நாள், எல்லோரும் இரவுச் சாப்பாட்டுக்குப் போயிருக்கும் வேளையில் போ. கவரில் இருக்கும் ரசீதுகளோடு வரிக்கு வரி டிக் அடித்துக் கொண்டுபோனால் பேச்சு நீளாது. திருத்தம் செய்தால் திருத்திய பில்லை அச்சடித்துத் தரச் சொல், ‘நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்ற வாயுறுதி போதாது. இறங்குமுன் முழு பில்லையும் பிடிஎஃப் ஆக எடுத்து உனக்கே மின்னஞ்சல் அனுப்பு. பல ஆப்களில் பயணம் முடிந்ததும் கணக்கு மறைந்துவிடும்.

வீட்டுக்கு வந்தபின் வங்கி ஸ்டேட்மென்டில் ஒரே தொகை இரண்டு தடவை தெரிந்தால் முதலில் ஒன்று ஹோல்டா என்று பார். ஹோல்டு ‘நிலுவை’ என்ற பெயரில் நிற்கும், சில நாளில் தானாக மறையும். பில்லில் இல்லாத தொகை உண்மையாகவே வசூலாகியிருந்தால் பிடிஎஃப்பை இணைத்துக் கம்பெனிக்கு எழுது. பதில் இழுத்தால் வங்கியில் எதிர்ப்புப் புகார் கொடு, அதற்கு வங்கி வைத்திருக்கும் கெடு தாண்டக் கூடாது. ‘கப்பலில் பாக்கி இருக்கிறது, இந்த இணைப்பில் கட்டுங்கள்’ என்று வரும் மின்னஞ்சலைத் திறக்காமலே அழித்துவிடு. பாக்கி இருந்தால் அவர்களிடம் உன் கார்டு ஏற்கெனவே இருக்கிறது.

மாப்பிள்ளையிடமும் இதைப் படிக்கக் கொடு. கார்டைப் பதிந்து முடித்ததும் ஒரு வரி எழுது.

அன்புடன்,
அம்மா