மரத்தைப் பார்க்காமல் விலை பேசாதே

சுன்னாகம், யாழ்ப்பாணம்,
ஆவணி மாதம்.

அன்புள்ள மகனுக்கு,

இவ்விடம் நானும் அம்மாவும் சுகம். அவ்விடம் நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாயிருக்க நல்லூரான் துணை நிற்கட்டும். தொலைபேசியில் பேசத் தொடங்கினால் பேரப்பிள்ளைகள் குறுக்கே வந்துவிடுகிறார்கள், எனக்கும் சொல்ல நினைத்தது பாதியில் மறந்துபோகிறது. ஆகையால் இதைத் தாளில் எழுதி, பக்கத்து வீட்டுப் பெடியனைக் கொண்டு படமெடுத்து உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவிக்கிறேன்.

உரும்பிராய்க் காணியில் மரம் வெட்டும் வேலை நேற்று முடிந்தது. உன் நண்பருக்குப் படங்களும் போய்ச் சேர்ந்துவிட்டன. அவருக்கு நல்ல திருப்தியாம். எங்களுக்கு அதில் மிஞ்சியது எதுவுமில்லை, கையிலிருந்துதான் போயிற்று. நீ கனடாவில் கலியாண வீடொன்றில் நின்றுகொண்டு, அவர் கைத்தொலைபேசியில் காட்டிய ஒரேயொரு படத்தைப் பார்த்து, "ஐந்தாறு மரம்தானே, ஐயா இரண்டு நாளில் முடித்துவிடுவார், விறகையும் அவரே எடுத்துக்கொள்வார்" என்று ஒரு தொகையைச் சொல்லிவிட்டாய். நீ கொடுத்த வாக்கை நான் மாற்ற விரும்பவில்லை. ஆனால் இனிமேல் யார் கேட்டாலும் விலையை மட்டும் நீ சொல்லவேண்டாம். கோபத்தில் எழுதுகிறேன் என்று எண்ணாதே. நீ பிடித்துத் தரும் வேலைகள் இல்லாவிட்டால் சில மாதங்களில் எங்கள் பட்டா லொறி விறகு விற்கும் காலையை விட்டு அசையாது என்பது எனக்கும் தெரியும்.

அந்தப் படம் வீதியில் நின்று எடுக்கப்பட்டது. அதில் தெரிந்தவை முற்றத்து மாவும் இரண்டு தென்னைகளும் இடையில் மண்டிக் கிடந்த இப்பில் இப்பில் என்ற சவுண்டல் பற்றையும்தான். வீட்டுக்குப் பின்னால், அயலவரின் மதிலோடு ஒட்டி, அவருடைய மாட்டுக்கொட்டிலின் மேல் சரிந்து நின்ற வேம்பு அந்தப் படத்தில் இல்லை. கிணற்றுக் கட்டுக்கு நான்கடி தள்ளி நின்ற மூன்றாவது தென்னையும் இல்லை. அதன் ஓலைக்குள்ளால் வீட்டுக்கு வரும் மின்கம்பியும் இல்லை. இரண்டு நாள் என்று நீ சொன்ன வேலை ஐந்து நாள் சென்றது.

வெளியான இடத்தில் நிற்கும் மரத்தைச் சாய்ப்பது பெரிய காரியமன்று. விழவேண்டிய பக்கத்தில் அடிமரத்தின் நாலிலொரு பங்கு ஆழத்துக்கு ஆப்பு வடிவில் வாய் எடுத்து, மறுபக்கத்தில் அதைவிட இரண்டு விரற்கடை உயரத்தில் அறுத்து வந்து, நடுவில் ஒரு பட்டியை அறுக்காமல் விட்டுவைத்தால், அது கதவின் பிணைச்சலைப்போல நின்று மரத்தைத் திசை தவறாமல் இறக்கிவிடும். அந்த வேம்பை அப்படிச் சாய்க்க ஓரங்குல இடமும் இருக்கவில்லை. ஒருவன் மேலே ஏறி, ஒவ்வொரு கொப்பாகக் கயிற்றில் கட்டி அறுக்க, கீழே இருவர் கயிற்றை இன்னொரு மரத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கொட்டில் தகரத்தில் படாமல் மெதுவாக இறக்கவேண்டியிருந்தது. மேலே ஏறுபவனுக்குக் கீழே நிற்பவனைப்போல இரண்டு மடங்கு கூலி கொடுப்பது எங்கள் விறகு காலையின் வழக்கம் என்பதை நீ மறந்திருக்கமாட்டாய். மின்சார சபைக்கு அறிவித்துக் கம்பியைக் கழற்றுவிக்காமல் தென்னையில் ஆளை ஏற்ற நான் சம்மதிக்கவில்லை. அந்த நாளுக்கும் நான்கு பேருக்குக் கூலியும் மத்தியானச் சாப்பாடும் இருமுறை பிளேன்ரீயும் உண்டு.

எங்கள் மண்ணையும் நீ கணக்கில் எடுக்கவேண்டும். வலிகாமத்தில் பல இடங்களில் செம்மண் சில அடிதான், அதன்கீழ் சுண்ணாம்புக்கல். பெரிய மரமென்றாலும் வேர் ஆழமாக இறங்காமல் பக்கவாட்டில் ஓடியிருக்கும். கார்த்திகை மழையில் மண் ஊறியிருக்கும் நேரத்தில் வாடைக்காற்று அடித்தால் நன்றாக நின்ற மரமும் வேரோடு பெயர்ந்துவிடும். ஆகவே ஒரு மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பதோடு, அடியில் மண் வெடித்திருக்கிறதா, வேர் ஒரு பக்கம் கிளம்பியிருக்கிறதா என்றும் சுற்றிவந்து பார்க்கவேண்டும். படத்தில் அது தெரியாது.

நானும் பிழை விட்டிருக்கிறேன், உனக்கு அதை இதுவரை சொல்லவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன், சோளகக் காற்று விடாமல் வீசிய ஓர் ஆடி மாதப் பின்னேரம், இருட்டுவதற்கு முன் முடித்துவிடலாம் என்ற அவசரத்தில், கயிறு கட்டாமல் ஒரு தென்னையை அறுத்தேன். காற்று அதன் தலையைத் திருப்பிவிட்டது. அயலவரின் மதிலில் பதினெட்டு அடி விழுந்து நொறுங்கியது. சீமெந்தும் கல்லும் வாங்கி, மேசனைப் பிடித்து, பூச்சும் பூசி நானே கட்டிக் கொடுத்தேன். அந்த மாதம் முழுவதும் மதிலுக்காகவே மரம் வெட்டினேன் என்று வைத்துக்கொள். அந்த மனிதர் இப்போதும் சந்தையில் கண்டால், "மற்றப் பக்க மதிலும் பழசாகிவிட்டது, ஒருநாள் வாருங்கோ" என்று பகிடி விடுகிறார்.

இன்னொன்று, மரத்துக்குள் இருக்கும் இரும்பு. எல்லையில் நிற்கும் வேம்பிலும் பூவரசிலும் எங்கள் தாத்தா காலத்து முட்கம்பி இருக்கும். மரம் அதை விழுங்கிப் பட்டையை மூடிவிடுவதால் வெளியே ஒரு வடுகூடத் தெரியாது. 1990இல் சனம் இடம்பெயர்ந்து, யுத்தம் முடிந்தபின் சிறிது சிறிதாக விடப்பட்ட வலிகாமம் வடக்குக் காணிகளில் என்றால் ஷெல் துண்டே இருக்கும். மெசின்வாளின் சங்கிலி அதில் ஒருமுறை பட்டால் பல் போய்விடும், சில வேளை சங்கிலியே அறுந்து தெறிக்கும். உரும்பிராய் வேம்பில் அடியிலிருந்து நாலடி உயரம்வரை முட்கம்பி. இரண்டு சங்கிலிகள் போயின. அதைவிடப் பெரிய நட்டம் என்னவென்றால், அடிமரத்தைப் பலகைக்கு விற்கலாம் என்று நான் மனத்தில் போட்டிருந்த கணக்குப் பிழைத்தது. கம்பியைக் கண்டதும் மரம் அரியும் ஆலைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். பலகையாகவேண்டிய வைரம் பாய்ந்த மரம் விறகாயிற்று.

விறகு என்றதும், "விறகையும் எடுத்துக்கொள்வார்" என்ற உன் சொல்லுக்கு வருகிறேன். விறகு கூலிக்கு ஈடாகும் என்று நீ நினைத்ததற்கு 2022 காரணமாக இருக்கலாம். எரிவாயு இல்லாமல் சனம் வெறும் சிலிண்டரோடு வரிசையில் நின்ற அந்த மாதங்களில், விறகு காலையின் கதவு திறக்குமுன்பே சைக்கிளும் ஓட்டோவும் வந்து நின்றன. பச்சை முருங்கையைக்கூட விலைகொடுத்து வாங்கினார்கள். 12.5 கிலோ சிலிண்டர் கடைக்கு ஒழுங்காக வரத் தொடங்கியதும் அவர்களில் முக்காற்பங்கினர் திரும்பி வரவில்லை. அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. இப்போது நிலையாக வாங்குவோர் பாண் சுடும் பேக்கரிப் போறணைக்காரரும், அன்னதான மடங்களும், கலியாண வீட்டுச் சமையற்காரரும்தான். செத்தவீட்டுக்கென்று காய்ந்த அடுக்கொன்றை எப்போதும் ஒதுக்கி வைத்திருக்கிறோம். அதற்கு வருபவர்களிடம் பேரம் பேசுவதில்லை என்று உன் அப்பப்பா வைத்த வழக்கத்தை நானும் மாற்றவில்லை.

அந்த வேம்பு நிறுவையில் 38 அந்தர் (ஓர் அந்தர் ஏறக்குறைய 50 கிலோ) வந்தது. பச்சை மரத்தின் பாரத்தில் ஏறக்குறையப் பாதி தண்ணீர் என்பதால், காய்ந்தபின் 25 அந்தர் தேறினால் பெரிது. அதுவும் எப்போது காயும்? வைகாசியில் பிளந்து அடுக்கியிருந்தால் சோளகத்தில் நன்றாகக் காய்ந்து ஆவணியில் விற்றிருக்கலாம். ஆவணிக் கடைசியில் வெட்டிய மரம் ஐப்பசி மழைக்குள் உள்ளே உலராது. அதைத் தகரக் கொட்டிலுக்குள் தை வரை பொத்திப் பாதுகாக்க வேண்டும், அந்த இடத்துக்கு வேறு விறகு வைக்கமுடியாது. போறணைக்காரர் புளிய விறகையும் பாலை மர விறகையும் விரும்பிக் கேட்பார். வேம்பை இரண்டாந்தரமாகத்தான் எடுப்பார். தென்னங்குற்றி கொளுத்தினால் சடசடவென்று எரிந்து அடங்கிவிடும். இப்பில் இப்பில் கம்புகளை ஏற்றி இறக்கும் கூலிக்கே காணாது. அவற்றைப் பக்கத்து வீடுகளில் விறகடுப்பு வைத்திருக்கும் பெண்களை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன், காணியும் துப்புரவானது.

அடுத்தது காணிக்காரரின் பாத்தியதை. உன்னோடு பேசுபவர் நல்ல மனிதராக இருக்கலாம், ஆனால் காணி அவர் பெயரில் மட்டுமா இருக்கிறது? போன வருடம் இலண்டனிலிருந்து ஒருவர் சொன்னதை நம்பி முற்றத்து விலாட்டு மாமரத்தை வெட்டினோம். இரண்டாம் நாள் பிரான்சிலிருந்து அவருடைய தமக்கை அழுதுகொண்டு என்னை அழைத்தார். அது அவர்களின் தாயார் நட்ட மரமாம். நான் என்ன மறுமொழி சொல்வது? அதிலிருந்து, காணி சகோதரர்களுக்குப் பொதுவென்றால் எல்லோருடைய சம்மதமும் எழுத்தில் வரவேண்டும், அல்லது இங்கே அற்றோணித் தத்துவம் (காணிக்காரருக்காகச் செயற்படும் எழுத்து அதிகாரம்) பெற்ற ஒருவர் முன்னுக்கு நிற்கவேண்டும் என்று வைத்துக்கொண்டேன். எல்லை மரமென்றால் அயலவரையும் கேட்கவேண்டும். பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகிய மூன்றையும் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது என்பது 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். கிராம அலுவலரைக் கண்டு, பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துத்தான் வாங்கவேண்டும். "ஒரு பனைதானே ஐயா, யார் பார்க்கப்போகிறார்கள்" என்று கனடாவிலிருந்து சொல்வது சுகம். ஏற்றிப்போகும் வழியில் மறித்தால் பதில் சொல்வது நான்.

ஆகவே இனி யாராவது கேட்டால் தொகை சொல்லாமல், இவற்றை மட்டும் கேட்டு எழுதி அனுப்பு: காணி எங்கே, யார் பெயரில், திறப்பு யாரிடம், வெட்டவேண்டியது எந்த மரம், விறகும் பலகையும் யாருக்கு. படம் அனுப்பினால் மரத்தடியில் ஓர் ஆளை நிற்கவிட்டு நான்கு பக்கமும் எடுக்கச் சொல், உயரம் மட்டுக்கட்ட உதவும். ஆனாலும் நான் நேரில் போய்ச் சுற்றிப் பார்த்த பிறகே விலை. பார்க்கப் போவதற்குக் காசு கேட்பதில்லை. அந்த விலை கூடுதலாகப் பட்டால் அவர் வேறு ஆளைப் பிடிக்கட்டும், எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை.

நீ கேட்டிருந்த கோப்பாய்க் காணியை வருகிற ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறேன். அங்கே புளியொன்று இருக்கிறது என்கிறார்கள். உண்மையானால் போறணைக்காரருக்கு இப்போதே சொல்லிவைக்கலாம். திங்கட்கிழமை இரவு உனக்குத் தொகை எழுதுவேன், அதுவரை அந்தக் காணிக்காரர் உன்னை எத்தனை தரம் கேட்டாலும், "ஐயா பார்க்கவில்லை" என்று சொல்லிவிடு. காசு அனுப்பவேண்டாம். ஆரேனும் ஊருக்கு வந்தால் தலைக்கவசம் இரண்டும், மேலே ஏறுபவன் இடுப்பில் கட்டும் நல்ல பட்டியொன்றும் வாங்கிக் கொடுத்துவிடு. இப்போது இருக்கும் பட்டியின் தையல் ஒரு பக்கம் விட்டுவிட்டது, அந்தப் பட்டியோடு அவனைப் புளியில் ஏற்ற எனக்கு மனமில்லை.

அம்மா பனங்கட்டியும் புழுக்கொடியலும் கட்டி வைத்திருக்கிறார், வருபவரிடம் கொடுத்தனுப்புவோம்.

அன்புடன்,
ஐயா