அறுபதுகளின் 'முதல் பத்து': பட்டியலோடு கணக்கையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு மலரில் வந்த 'அறுபதுகளின் முதல் பத்துப் பாடல்கள்' பக்கத்தைப் படித்தோம். பாடல்களைப் பற்றி எங்களுக்குச் சண்டை இல்லை. பட்டியலை யார் எடுத்தார்கள், எந்த ஊரில், எந்த வாரம், எதை எண்ணி எடுத்தார்கள் என்ற நான்கு விவரமும் இல்லாததுதான் உறுத்துகிறது. ஓர் அமெரிக்க வானொலி நிலையம் வாரந்தோறும் அச்சடித்த பாடல் பட்டியல் தாள், இலங்கை வானொலி பற்றிய ஞாபகங்கள், ரேடியோ மலேசியாவின் நேயர் விருப்பம் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கலந்து 1 முதல் 10 வரை எண் போட்டிருக்கிறீர்கள். மூன்றும் மூன்று வேறு கணக்கு. கூட்டினால் விடை வராது.

அமெரிக்கத் தாளை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒவ்வொரு நகரத்து நிலையமும் தன் ஊருக்கென்று வாரம் ஒரு தாள் அச்சடித்து, இசைத்தட்டுக் கடைகளில் இலவசமாக வைத்தது. கனடாவில் டொராண்டோ நகரத்து 'சம்' நிலையம் 1957 மே 27-இல் 50 பாடல்களோடு தொடங்கியது. சிகாகோவின் டபிள்யூ.எல்.எஸ். நிலையத்துத் தாள் 1960 அக்டோபரில் வந்தது. லாஸ் ஏஞ்சலஸின் கே.எச்.ஜே. 1965-இல் 30 பாடல்களோடு நிறுத்திக்கொண்டது. எடுக்கும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். வாரத் தொடக்கத்தில் நிலையத்து ஆள் ஒருவர் ஊரிலுள்ள கடைகளுக்குப் போன் போடுவார். எத்தனை தட்டு போனது என்பதைவிட எது முதலில், எது அடுத்து என்பதே பெரும்பாலும் கேள்வி. முதலிடத்துக்குக் கூடுதல் புள்ளி, இறங்க இறங்கக் குறைவு என்று கூட்டி, நேயர்கள் போனில் கேட்ட பாடல்களையும் சேர்ப்பார்கள். கடைசியில் நிலையத்தின் இசைப் பொறுப்பாளர் தன் அபிப்பிராயப்படி சிலவற்றை ஏற்றுவார், சிலவற்றை இறக்குவார். இதைப் பல தாள்கள் அடியில் பொடி எழுத்தில் தாங்களே ஒப்புக்கொண்டிருக்கின்றன. அந்தப் பொடி எழுத்தை வெட்டிவிட்டு மேல்பாதியை மட்டும் மறுபதிப்புச் செய்வதுதான் இப்போது வழக்கமாகிவிட்டது.

இந்த முறையில் எங்கே பிசகும் என்பது தெரிந்தால் தாளைச் சரியாகப் படிக்கலாம். முதலாவது, வரிசை மட்டும் கேட்பதால் பெரிய கடையும் சின்னக் கடையும் ஒரே எடை பெறுகின்றன. இரண்டாவது, முதல் ஐந்து இடத்துக்குள்தான் விற்பனை வித்தியாசம் பெரிது. 25-ஆம் இடத்துக்கும் 35-ஆம் இடத்துக்கும் நடுவே ஒரு கடையில் இரண்டு மூன்று தட்டுகூட வித்தியாசம் இருக்காது. ஆகவே 'பத்து இடம் ஏறியது' என்று கீழ்ப்பகுதியில் கண்டால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்றாவது, கடைக்காரர் விற்றதைச் சொல்லாமல், தேங்கிக் கிடப்பதைச் சொல்லித் தள்ளிவிடப் பார்ப்பார். மொத்த வியாபாரி இலவசத் தட்டு கொடுத்த கடையில் இது இன்னும் கூடும். காசு வாங்கிக்கொண்டு பாட்டுப் போடுவதை மறைத்தால் 10,000 டாலர் அபராதம், ஓராண்டுச் சிறை என்று 1960-இல் அமெரிக்காவில் சட்டமே போட வேண்டியிருந்தது. நான்காவது தேதி. திங்கள், செவ்வாயில் கேட்டு, வாரக் கடைசியில் கடைக்கு வரும் தாளில் இருப்பது போன வார வியாபாரம். 'வாரத் தொடக்கம்', 'வார முடிவு' இவற்றில் எது அச்சாகியிருக்கிறது என்று பார்க்காமல் இரண்டு ஊர்த் தாள்களை ஒப்பிட்டால் ஒரு வாரம் தவறும்.

பிரிட்டனிலும் இதே கதைதான். 1952 நவம்பரில் ஒரு வார இதழ் போட்ட முதல் பட்டியல் சுமார் 20 கடைகளுக்குப் போன் செய்து எடுத்தது, 12 இடங்கள்தான். 300 கடைகளின் குறிப்பேட்டை வைத்து ஒழுங்காகக் கணக்கெடுத்தது 1969 பிப்ரவரியில். நடுவில், கடலில் கப்பலை நிறுத்தி ஒலிபரப்பிய ரேடியோ லண்டன் 'ஃபேப் 40' என்று வாசித்தது விற்பனைப் பட்டியலே இல்லை, தான் போடப்போகும் பாட்டுகளின் பட்டியல். 1967 ஆகஸ்ட் 14-இல் அது மூடும்வரை அப்படித்தான் நடந்தது.

அப்படியானால் அவையெல்லாம் குப்பையா என்றால், இல்லை. நாட்டுப் பட்டியலில் விழாததை ஊர்ப் பட்டியல் பிடித்துவிடும். பீட்டில்ஸின் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' 1963 மார்ச்சில் சிகாகோவின் டபிள்யூ.எல்.எஸ். தாளில் 35-ஆம் இடம்வரை வந்தது. அமெரிக்கா முழுமைக்குமான 100 இடப் பட்டியலில் அப்போது அதன் சுவடே இல்லை. அந்தத் தட்டின் லேபிளில் குழுவின் பெயரையே ஓர் எழுத்துக் கூட்டித் தப்பாக அச்சடித்திருந்தார்கள். அவ்வளவு அறிமுகமில்லாத பெயர். நம் பக்கத்தில், சிங்கப்பூரின் 'தி குவெஸ்ட்ஸ்' குழுவின் 'ஷாண்டி' 1964-இல் அங்குள்ள பட்டியலில் பீட்டில்ஸைத் தள்ளிவிட்டு முதலிடம் பிடித்தது. இலண்டன் தாளில் தேடினால் அது கிடைக்குமா?

இனி நம் தமிழ்ப் பாட்டுக்கு வருவோம். உங்கள் பக்கம் அதிகம் சறுக்கியிருப்பது இங்கேதான்.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் விற்றது நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் சிறிய தட்டு; பெயர் சொல்லும் பாட்டு ஒரு பக்கம், இன்னொன்று பின்பக்கம். ஒரு தட்டு விற்றால் ஒரு பாட்டுக்கு ஓர் ஓட்டு என்று ஏறக்குறைய வைத்துக்கொள்ளலாம். தமிழ்ப் படப் பாட்டு 78 சுற்று அரக்குத் தட்டில் இரண்டாகவும், பிறகு 7 அங்குல ஈ.பி. தட்டில் நான்காகவும் வந்தது. நான்கும் பெரும்பாலும் ஒரே படத்துப் பாட்டு. அந்த ஈ.பி. ஆயிரம் விற்றாலும் நான்கில் எதற்காக வாங்கினார்கள் என்பதை விற்பனைக் கணக்கு சொல்லாது. சிகாகோ முறையைக் கொண்டுவந்து கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ போன் போட்டிருந்தாலும் பாட்டு வரிசை கிடைத்திருக்காது, பட வரிசைதான் கிடைத்திருக்கும்.

நம் மலேசியத் தோட்டத்து டவுன்களில் இன்னொரு சிக்கல் சம்பள நாள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் கூலி கொடுக்க வேண்டும். அதனால் மாதத்தின் முதல் பத்து நாளில் கடைவீதி அஞ்சடியில் (கடை முன் நடைபாதையில்) நடக்க இடமிருக்காது. கடைசி வாரத்தில் கடைக்காரர் ஈ ஓட்டுவார். இந்த ஊரில் வாரக் கணக்கு எடுத்தால் பாட்டின் ஏற்ற இறக்கம் தெரியாது, சம்பளத்தின் ஏற்ற இறக்கம்தான் தெரியும். குறைந்தது மாதக் கணக்காக வேண்டும், தீபாவளி மாதத்தைத் தனியாக வைக்க வேண்டும். படத்தின் ஓட்டமும் வேறு. டவுன் கொட்டகையில் படம் ஓடும்போது ஒரு தடவை பாட்டு எழும். பல மாதம் கழித்துத் தோட்டத்துத் திடலில் திரை கட்டிக் காட்டும்போது மறுபடியும் எழும். ஒரே உச்சம் என்று தேடுகிறவர்களுக்கு இது குழப்பமாகத்தான் இருக்கும்.

நேயர் விருப்பத்தில் அஞ்சலட்டையை எண்ணுவதும் நேர்க் கணக்கு அல்ல. ஒரே கையெழுத்தில் பத்து அட்டை வரும். ஒரே அட்டையில் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) பெயர்கள் அத்தனையும் வரும். பிறந்த நாள், கல்யாண வாழ்த்துக்கு ஏற்ற பாட்டுகள் வருடம் முழுக்க முன்னால் நிற்கும். அட்டை போய்ச் சேர்ந்து வாசிக்கப்படுவதற்குள் நாட்கள் ஓடியிருக்கும், ஆகவே புதுப் பாட்டு எப்போதும் பிந்தியே தெரியும்.

இலங்கை வானொலியில் இதை முன்பே பட்டுத் தெரிந்துகொண்டவர் இந்தி அறிவிப்பாளர் அமீன் சயானி. 1952-இல் தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா'வுக்குக் கடிதம் குவிந்து சமாளிக்க முடியாமல் போகவே, கடை விற்பனையோடு நேயர் மன்றங்களின் கருத்தையும் சேர்த்து வரிசை போட்டார். விற்பனையை மட்டும் நம்பினால், சரக்குத் தீர்ந்துபோன நல்ல பாட்டு விற்காத பாட்டாகிவிடும் என்பது அவர் கண்ட குறை. அது இந்தி நிகழ்ச்சி, புதன் இரவு 8 மணிக்கு. அந்தக் காலத்தில் நம் கடிகாரம் கொழும்பைவிடச் சரியாக 2 மணி நேரம் முன்னால் ஓடியது. அங்கே 8 என்றால் இங்கே 10. பல தோட்டங்களில் ஜெனரேட்டரை நிறுத்தும் நேரம். மின்சார ரேடியோ ஊமையாகிவிடும், பேட்டரி போட்ட டிரான்சிஸ்டர் வைத்திருந்தவர்தான் கேட்டார். சிற்றலை ஒலி ஏறி இறங்கும் தொல்லை வேறு. 'எல்லோரும் கேட்டார்கள்' என்று எழுதும் முன் இதையும் யோசிக்க வேண்டும்.

சரி, இந்த ஊரில் எந்தப் பாட்டு உண்மையில் ஓடியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எங்களுக்குத் தெரிந்த நல்ல சாட்சி தட்டின் தேய்மானம். ஈ.பி. தட்டைக் கழுவிக் காயவைத்து, ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடியுங்கள். ஒரு பக்கத்திலுள்ள இரண்டு பாட்டில் எந்த வளையம் சாம்பல் பூத்திருக்கிறதோ அதுதான் திரும்பத் திரும்ப ஓடியது. ஒரு தட்டை வைத்து முடிவு கட்டக் கூடாது. அது ஒரு வீட்டின் ஆசை மட்டுமே. அதே ஈ.பி. வேறு வேறு தோட்டங்களிலிருந்து ஐந்தாறாவது கிடைத்து, எல்லாவற்றிலும் அதே வளையம் தேய்ந்திருந்தால் நம்பலாம். கனமான ஊசி முதல் பாட்டின் தொடக்கத்தில் விழுந்து கீறிய தடத்தைத் தேய்மானம் என்று எண்ணிவிடாதீர்கள். கீறல் குறுக்கே போகும், தேய்மானம் வளையம் முழுக்கப் பரவியிருக்கும்.

கழுவும்போது கவனம். அரக்குத் தட்டில் ஸ்பிரிட் பட்டால் அரக்கே கரையும். தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு போதும். லேபிள் நனையக் கூடாது, உடனே துடைக்க வேண்டும். ஒலிக்கவிட 3 மில், அதாவது சுமார் 75 மைக்ரான் ஊசி வேண்டும். லாங் பிளே ஊசியை வைத்தால் அது பள்ளத்தின் அடியில் உட்கார்ந்து இரைச்சலை மட்டும் பொறுக்கும். தகரக் கூரைக்கு அடியில் தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்கினால் வளைந்துவிடும், நிறுத்திவையுங்கள்.

ரேடியோவிலிருந்து பதிவு செய்த சுருள் நாடா இருந்தால் முதலில் விளக்குக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவினால் அது அசிடேட் என்ற பழைய வகை நாடா. காடி வாடை அடித்தால் அழுகத் தொடங்கிவிட்டது, முதலில் அதைப் பிரதி எடுங்கள். நாடாவை அடுப்பில் சூடாக்கும் வைத்தியம் எழுபதுகளுக்குப் பிந்திய சில வகை நாடாவுக்கானது. அசிடேட்டுக்குச் செய்தால் அத்தோடு போச்சு. தேதி எழுதாத நாடாவானால் அறிவிப்பைக் கேளுங்கள். 'ரேடியோ மலாயா' என்றால் 1963 செப்டம்பர் 16-க்கு முந்தியது. கொழும்பு அறிவிப்பில் 'ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்' என்று வந்தால் 1967-க்கு முன்னால் போகாது.

பழைய பட்டியல் தாள்களை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். இரண்டு பக்கமும், பொடி எழுத்து உட்பட, அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்து, விவரத்தை உறையின்மேல் பென்சிலால் எழுதிவையுங்கள்.

ஆசிரியர் அவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். அடுத்த பட்டியலின் கீழே ஊர், வாரம், எண்ணிய பொருள், எண்ணியவர் என நான்கு வரி சேர்த்துப் போடுங்கள். அடுத்து, சுங்கை சிப்புட், ஈப்போ, கோலகங்சார் கடைவீதிகளில் அறுபதுகளில் இசைத்தட்டு விற்ற கடைகளின் ரசீதுப் புத்தகமோ சரக்குப் புத்தகமோ வாசகர்கள் யாரிடமாவது இருந்தால், உங்கள் அலுவலகம் வழியாகப் பிரதி கிடைக்கச் செய்யுங்கள். தொடர்ந்தாற்போல் மூன்று மாதம் இருந்தால்கூடச் சம்பள வாரத்தைக் கழித்துப் பார்க்க முடியும்.

இப்படிக்கு,
பழைய இசைத்தட்டு சேகரிக்கும் நண்பர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்.