கருப்பட்டிக்கு என்.ஓ.சி. கொடுத்தவர்களுக்கு

செம்பூர், மும்பை

எங்கள் பில்டிங்வாசிகளுக்கும், வீடு தேடி அலைந்த நாட்களில் கைகொடுத்த மற்ற எல்லோருக்கும்,

வணக்கம். போன வாரம் லீவ் அண்ட் லைசென்ஸ் என்கிற வாடகை ஒப்பந்தத்தை இன்னொரு 11 மாதத்துக்குப் புதுப்பித்தோம். சொசைட்டியில், அதாவது குடியிருப்போர் சங்கத்தில், என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) வாங்கப் போனபோது செகரட்டரி சார் கேட்டது ஒரே கேள்வி: "கருப்பட்டிக்கு இந்த வருஷ ஊசி போட்டாச்சா?" போன வருஷம் அதே மேசைக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றவள் நான். வீட்டுக்கு வந்து சொன்னதும், "எல்லாருக்கும் ஒரு கடுதாசி எழுதிப் போடுடி" என்றாள் அம்மா. அதுதான் இது.

கருப்பட்டியை அறியாதவர்களுக்கு: அவன் ஆறு வயசு சிப்பிப்பாறை நாய். சாத்தூர்ப் பக்கம் கரிசல் காட்டில் ஓடி வளர்ந்தவன். அப்பா காலமான பிறகு அம்மாவை ஊரில் தனியாக விட எனக்கு மனசில்லை. அம்மாவுக்கு அவனை விட்டுவர மனசில்லை. பேயிங் கெஸ்ட் விடுதியில் ஒரு கட்டிலோடு காலம் தள்ளிக்கொண்டிருந்த நான் இரண்டு பேருக்கும் சேர்த்து வீடு தேடக் கிளம்பினேன்.

இரண்டு மாதத்தில் 14 வீடு. "குத்தா நஹி சலேகா", நாய் கூடாது என்பதை எத்தனை ராகத்தில் கேட்டிருப்பேன்! ஒரு சொசைட்டியில் மீன் சமைக்கலாம், நாய் கூடாது. இன்னொன்றில் நாய் இருக்கலாம், முட்டை கூடாது. ஒரு புரோக்கர் நல்லவர் மாதிரி யோசனை சொன்னார்: "முதல்ல குடி வாங்க. ஒரு மாசம் கழிச்சு ராத்திரியில நாயைக் கூட்டிட்டு வந்துருங்க. அப்புறம் யார் என்ன செய்ய முடியும்?" அலுப்பில் நானும் சரியென்று சொல்லிவிட்டேன். டோக்கன் பணம்கூட எடுத்து வைத்தாயிற்று.

தடுத்தவர் மாட்டுங்காவில் இருக்கும் வக்கீல் மாமா. ஃபில்டர் காபியை ஆற்றிக்கொண்டே ஒரு காகிதத்தை நீட்டினார். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் விட்ட சுற்றறிக்கை. குடியிருப்போர் சங்கம் எத்தனை பேர் கைதூக்கினாலும், விதியையே திருத்தினாலும், வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது, லிஃப்ட்டில் ஏறாதே என்றும் சொல்ல முடியாது என்கிறது. வாரியம் அப்போது நம்ம திருவான்மியூரில்தான் இருந்தது. 2018-இல்தான் ஹரியானாவுக்குப் போனது. கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழி போட்டது என்றும், வாரியத்தின் முதல் தலைவரும் அவர்தான் என்றும் மாமா பெருமையோடு சொன்னார். சொல்லிவிட்டு அந்தக் காகிதத்தைத் திரும்ப மடித்தார்.

"இது சங்கத்துக்குத்தான். வீட்டுக்காரர் 'தரமாட்டேன்'னா இதைக் காட்டி என்ன பண்ணுவே? மறைச்சுக் குடிபோனா அவருக்கும் உன்மேல நம்பிக்கை போயிடும். போன்ல முதல் வார்த்தையே நாய்னு சொல்லு."

மாமா, அந்தக் காகிதம் இன்றுவரை என் கைப்பையில் மடித்தபடியே இருக்கிறது. ஒருவரிடமும் நீட்ட வேண்டி வரவில்லை.

தாராவி 90 அடி ரோட்டுப் புரோக்கர் அண்ணாச்சிக்கு அடுத்த நன்றி. நாய் என்றதும் மற்றவர்கள் போனை வைத்தார்கள். இவர், "என்ன சாதி நாய்? குலைக்குமா?" என்று கேட்டார். பாலக்காட்டுக்குத் திரும்பிவிட்ட வீட்டுக்காரரிடம் பேசி, ஒப்பந்தத்திலேயே கருப்பட்டிக்கு ஒரு வரி போட வைத்தது அவர்தான். மகாராஷ்டிராவில் இந்த ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்தே தீர வேண்டும். ஆக அவன் பெயர் இப்போது அரசுப் பதிவில் ஏறியாயிற்று. ரேஷன் கார்டுதான் பாக்கி என்கிறாள் அம்மா.

ஊரிலிருந்து ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் காரில் கூட்டிவந்த சித்தப்பா மகனே, பின்சீட்டில் இன்னும் நாய் வாடை அடிக்கிறதாமே. சீட் கவர் என் செலவு.

இனி நம்ம பில்டிங். கமிட்டிக் கூட்டத்தில் யாரும் சுற்றி வளைக்கவில்லை, அதற்கே முதலில் நன்றி. பின் கேட் வழியாகத்தான் போக வேண்டும், தோட்டத்துக்குள் விடக்கூடாது, சங்கிலியைக் குட்டையாகப் பிடிக்க வேண்டும், அள்ளுவதற்குக் காகிதம் கையில் இருக்க வேண்டும். பள்ளிக்கூட நேரத்தில் லிஃப்ட் வேண்டாம், படியில் இறங்குகிறோம் என்று நானே சொன்னேன். நாலு மாடி அவனுக்கு விளையாட்டு. என் முட்டிதான் பேசுகிறது.

அப்போது எதிர் வீட்டு மாமி எழுந்தீர்கள். "நான் ஒத்துக்க மாட்டேன்" என்றீர்கள். சின்ன வயசில் கும்பகோணத்தில் தெருநாய் கடித்து, தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டுக்கொண்ட கதையைச் சொன்னபோது கூட்டமே அமைதியாகிவிட்டது. "இப்பல்லாம் கையிலதான் ஊசி மாமி, நாலஞ்சுதான்" என்று அசட்டுத்தனமாக நான் சொன்னது இன்னும் வெட்கமாக இருக்கிறது. ஊசியின் எண்ணிக்கையா விஷயம்? கூட்டம் முடிந்து படியில் நின்றபோது நீங்களேதான் வழி சொன்னீர்கள்: "கிளம்பறச்சே ஒரு மிஸ்டு கால் குடு. நான் கதவைச் சாத்திண்டுடறேன்."

காலையும் மாலையும், 11 மாதம். ஒரு நாள் எனக்குக் காய்ச்சல், வெளியே போகவில்லை. ஏழு மணிக்கு உங்கள் போன்: "ஏண்டி, கால் வரலையே?" நீங்கள் அவனைத் தொட்டதில்லை, தொடவும் வேண்டாம். ஆனால் புதிதாக வந்த ஒருவர் நாயைப் பற்றி முறையிட்டபோது, "அது நேரத்துக்குப் போயிட்டு நேரத்துக்கு வர்றது, உங்க ஸ்கூட்டர் மாதிரி வழியை மறிச்சிண்டு நிக்கலை" என்றீர்களாம். வாட்ச்மேன் சொன்னார்.

வாட்ச்மேன் பாய்க்கு 'கருப்பட்டி' வாயில் நுழையாமல் 'பட்டி' ஆகிவிட்டது. அதைக் கேட்டு இரண்டாம் மாடி மலையாளச் சேச்சி சிரித்த சிரிப்பு! அவர்கள் பாஷையில் பட்டி என்றாலே நாய்தானே.

ஒரு சின்ன விண்ணப்பம். சிப்பிப்பாறைக்கு விலா எலும்பு தெரியத்தான் செய்யும். அது வேட்டைநாயின் உடல்வாகு, பட்டினி இல்லை. ஜூலையில் இரண்டு நாள் அவன் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தபோது, மழைத் தண்ணீரில் நடந்ததால் எலிக்காய்ச்சலோ என்று பயந்துபோனேன். பரேல் விலங்கு மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஆட்டோ எடுத்தோம். சயனுக்கு அப்பால் ஆட்டோ போகக்கூடாதே. அங்கே ஈர நாயோடு நின்ற எங்களுக்கு மூன்று டாக்சிகள் நிற்கவில்லை, நான்காவது நின்றது. பின்சீட்டில் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு, "பைட்டியே", உட்காருங்கள் என்ற அந்தப் பெரியவரின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. 1883 முதல் நடக்கும் பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எலிக்காய்ச்சல் இல்லை. வயிற்றில் வடா பாவ், பச்சை மிளகாயோடு. இரக்கப்பட்டுக் கொடுத்தது யாரென்று நான் கேட்கவில்லை. நன்றிதான், ஆனால் இனி வேண்டாம்.

வரும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா கருப்பட்டிப் பணியாரம் சுடுகிறாள். எல்லோரும் வாருங்கள். மாமி, நீங்கள் வரும்போது அவனை உள் அறையில் போட்டுத் தாழ்ப்பாள் போட்டுவிடுகிறேன். கிளம்பும்போது ஒரு மிஸ்டு கால் கொடுங்கள்.

அன்புடன்,
நாலாம் மாடி, கருப்பட்டி வீடு